பதினாலாவது ஆணி

சுப்பராயனுக்கு நீச்சல் தெரியாது. சைக்கிள் மிதிப்பார், அதுவும் டிபன் கேரியரில் இருக்கும் குழம்பு சிந்தாத வேகத்தில். ஓட்டம் என்று எடுத்துக்கொண்டால், கடைசியாக அவர் ஓடியது சூலூர்பேட்டை லோக்கலைப் பிடிக்க. அதையும் கோட்டை விட்டார். இப்படிப்பட்ட மனுஷன் ஒரு ட்ரையத்லான் கிளப்பைத் தொடங்கிய நாலு பேரில் ஒருவர் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும். அவருக்கே வரும். அவரைச் சேர்த்ததற்கு ஒரே காரணம், அவரிடம் ஒரு விசில் இருந்தது.

அப்போது அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பெயின்ட் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. லாரி வந்தால் நம்பர் எழுதணும், ஆள் வந்தால் கழுத்தில் ஐடி கார்டு தொங்குகிறதா என்று பார்க்கணும். பன்னிரண்டு வருஷத்தில் கார்டு இல்லாத ஒருத்தனும் அவரைத் தாண்டி உள்ளே போனதில்லை. முதலாளியின் மருமகனையே வாசலில் பத்து நிமிஷம் வெயிலில் நிற்க வைத்தவர். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அந்த வகை. "ஊட்டுக்குள்ள வர எனக்கும் ஒரு கார்டு போட்டுக் குட்த்துடு" என்று அவர் மனைவி கங்கம்மா கிண்டல் செய்வாள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளுக்குள் பெருமைதான்.

கிளப்பைக் கிளப்பிவிட்டது பக்கத்துத் தெரு இம்மானுவேல். இரும்பு உருட்டாலையில் ஃபிட்டர். பத்து வருஷத்துக்கு முன்னால் சென்னைக் கடற்கரையில் ஏதோ போட்டி என்று, ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க அவன் கம்பெனியிலிருந்து பத்துப் பேரை வேன் ஏற்றி அனுப்பினார்கள். போனவன் கால் தரையில் பாவாமல் திரும்பி வந்தான்.

"சுப்பராயண்ணா, அவனுங்க இன்னா பண்றாங்க தெரியுமா? நீஞ்சறான், சைக்கிள் மெதிக்கிறான், ஓடறான். அவ்ளோதான். இத்த நம்ம தெனம் பண்றோம்ணா. ஏரில குளிக்கிறோம், சைக்கிள் ஏறி வேலைக்குப் போறோம், சங்கு ஊதிட்டா கேட்டுக்கு ஓடறோம். அவனுக்குக் கழுத்துல மெடல் போட்டு அனுப்புறாங்க. நம்மள அரை நாள் லீவு போட்டு அனுப்புறாங்க."

மறுவாரமே ஏரிக்கரை ட்ரையத்லான் கிளப் பிறந்துவிட்டது. நாலு பேர். தண்ணீரில் மிதக்கவிட்ட வெள்ளை கேன்கள் மூன்று. அதைச் சுற்றி வந்தால் ஒரு ரவுண்டு. பிறகு ஆரம்பாக்கம் ரோட்டில் போய்த் திரும்ப இருபது கிலோமீட்டர் சைக்கிள். கடைசியில் ஏரிக்கரையில் ஓட்டம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்குள் முடிந்தாகணும், ஏனென்றால் பாதிப் பேருக்கு சர்ச், பாதிப் பேருக்கு இரண்டு மணி ஷிப்ட். சுப்பராயன் கரையில் நின்று விசில் ஊதுவார், நேரத்தை நோட்டில் எழுதுவார்.

இரண்டாம் வருஷம் பதினாலு பேர் ஆகிவிட்டார்கள். பதினாலு பேர் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கினால் யார் உள்ளே, யார் வெளியே என்று எப்படித் தெரியும்? காலை வெயிலில் ஏரி முழுக்க மினுக்கும். மனுஷத் தலை எது, நீர்க்கோழி எது என்றே தெரியாது. அதற்கும் இம்மானுவேல்தான் வழி சொன்னான். அவன் ஆலையில் மெஷினுக்குள் இறங்குகிறவன் தன் கார்டை மெயின் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். அவனே வெளியே வந்து அவன் கையால் எடுக்கிற வரைக்கும் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. அந்த விதியை அப்படியே ஏரிக்குக் கொண்டுவந்தான். ஒரு பழைய கதவுப் பலகையைப் பனைமரத்தில் கட்டி, பதினாலு ஆணி அடித்தான்.

"தலைய எண்ணாதீங்கண்ணா. கார்டை எண்ணுங்க. அவனவன் கார்டை அவனவன்தான் மாட்டணும், அவனவன்தான் எடுக்கணும். பலகை காலியானா விசில் ஊதுங்க, எல்லாரும் கரையேறியாச்சி, தண்ணி மூடிக்கிச்சின்னு அர்த்தம்."

கார்டு பார்க்கிற வேலை. சுப்பராயனுக்குச் சொல்லியா கொடுக்கணும்? விசில் ஊதிய பிறகுதான், லாரி ட்யூபில் மிதந்து காவல் இருக்கும் இரண்டு பேரும் கரையேறுவார்கள். ஆறு வருஷம், ஒரு ஞாயிறு தவறாமல், அந்தப் பலகையின் கீழ் அவர் நின்றார்.

அந்த ஆறு வருஷமும் கிளப்புக்கு நல்ல காலம். முதல் தடவை சென்னைப் போட்டிக்குப் போனபோது சைக்கிள்களில் கேரியரையும் மணியையும் கழற்றி ஒரு சாக்கில் கட்டி எடுத்துப்போனார்கள். நீச்சலுக்கு எல்லாரும் கால்சட்டைதான். பக்கத்தில் நின்ற சென்னைக்காரர்கள் விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்தியிருந்தார்களாம். ஆனாலும் அன்று நம்ம ஆள் ஒருத்தன் ஆறாவதாக வந்தான். அடுத்த வருஷம் மூன்றாவது. அதற்கடுத்து அவன் வயசுப் பிரிவில் முதல். அவன் பெயர் ராபின்.

ராபின் சுப்பராயன் குடியிருந்த காலனிப் பையன். அவன் அம்மா கிறிஸ்டினா, புருஷன் போன பிறகு ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்து ராபினையும் அவன் தங்கச்சி ஸ்நேகாவையும் வளர்த்தவள். சுப்பராயனை அண்ணே என்பாள். பிள்ளைகளுக்கு அவர் மாமா. ராபின் ஐ.டி.ஐ. முடித்துக் கார் பார்ட்ஸ் கம்பெனியில் இருந்தான். அவன் ஜெயித்த கப் ரயிலில் ஆள் உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டு வந்தது. வீட்டில் வைக்க இடமில்லாமல், பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்தோணி டீக்கடையில், பிஸ்கட் பாட்டில்களுக்கு நடுவில் வைத்தார்கள். "இத்த வெச்சி கொழம்பு கொதிக்க வெக்க முடியுமா?" என்று கிறிஸ்டினா வாய்க்கு வாய் கேட்பாள். கேட்டுவிட்டு, டீ குடிக்காதவள், தினமும் அந்தக் கடை வழியாகத்தான் வேலைக்குப் போவாள்.

ராபினுக்கு எல்லாம் சரி, மறதிதான் ஜாஸ்தி. பலகையில் கடைசி ஆணி அவனுடையது; ஏனென்றால் எப்போதும் கடைசியாக வருவான். தண்ணீரிலிருந்து முதலாவதாக வெளியே வருவான். வந்த வேகத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிடுவான், கார்டை ஆணியிலேயே விட்டுவிட்டு. இரண்டு தடவை அப்படி மறந்துபோய், மத்தியான ஷிப்டுக்குக் கார்டு இல்லாமல் போய் கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுப்பராயன் போனில் கூப்பிட்டுத் திட்டினார்: "ஒரு செக்யூரிட்டி முன்னாடியே கார்டை உட்டுட்டுப் போறியேடா." அவன் சிரித்தான். இந்த இரண்டு தடவையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. மழைக்காலம் முடிந்து ஏரி கரை முட்டி நின்றது. பதினாலு பேரும் இறங்கினார்கள். ஸ்நேகாவும் அதில் ஒருத்தி. பத்தொன்பது வயசு, செல்போன் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்த புதுசு. வழக்கம்போல இரண்டு ரவுண்டு. இரண்டாவது ரவுண்டு முடிந்து கும்பலாக ஐந்தாறு பேர் கரையேறினார்கள். சுப்பராயன் ஒவ்வொருத்தர் நேரத்தையும் சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதினார். குனிந்து எழுதியவர் நிமிர்ந்தபோது பலகை காலி. பதினாலு ஆணியும் வெறும் ஆணி. கடைசி ஆணியைத் தனியாக ஒரு தடவை பார்த்தார். அதுவும் காலி. நோட்டில் யார் நேரம் விட்டுப்போனது என்று பார்க்கவில்லை; கணக்கு கார்டில்தானே. மறதிக்காரப் பயல் இன்றைக்காவது கார்டை எடுத்துக்கொண்டானே என்றுகூட நினைத்தார். விசில் ஊதினார். ட்யூபில் இருந்த இரண்டு பேரும் கரையேறினார்கள். மூவருமாகக் கரைக்கு அந்தப் பக்கம், வேப்பமர நிழலில், ஓடி வருகிறவர்களுக்குத் தர்பூசணி நறுக்க உட்கார்ந்தார்கள்.

ராபின் அன்று மூன்றாவது ரவுண்டு போயிருந்தான். பெரிய போட்டி ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான்; யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு ரவுண்டு போகலாம் என்று தண்ணீரில் இருக்கும்போதே தோன்றியிருக்கும். மதகுப் பக்கம் கால் பிடித்துக்கொண்டதா, பாசிக்கொடி சுற்றிக்கொண்டதா, யாருக்குத் தெரியும்?

அரை மணி நேரம் கழித்து ஸ்நேகா ஒருத்தி மட்டும் பாதி ரோட்டிலேயே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தாள். "அண்ணன் எதிர்லயே வரல" என்று கத்தினாள். எல்லாரும் கரைமேல் ஏறி ஓடிவந்தார்கள். ராபினுடைய சைக்கிள் சாய்த்துவைத்தபடியே பனைமரத்தில் இருந்தது. அதற்கு மேலே பலகையில், பதினாலாவது ஆணியில், நீல நாடாவோடு அவன் கார்டு தொங்கிக்கொண்டிருந்தது.

சுப்பராயன் அதைப் பார்த்தார். அவர் தலையில் இடி விழுந்தது. தண்ணீரில் குதித்தது ட்யூபில் காவல் இருந்தவர்களும், அதற்குள் சைக்கிளில் திரும்பிவிட்ட இம்மானுவேலும் மற்றவர்களும். அவர் குதிக்கவில்லை, அவருக்குத்தான் தெரியாதே. பலகையைப் பார்த்தபடியே நின்றார். பத்து மணிக்கு ராபினை வெளியே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் கிறிஸ்டினா அவர் சட்டையைப் பிடித்தாள். "கார்டு தொங்குதே, என் புள்ள உள்ள கீறான்னு தொங்குதே, உன் கண்ணு அவிஞ்சா போச்சி?" என்று கேட்டாள். என்ன பேசுவது? கார்டு இல்லை என்று அவர் கண் சொன்னது. கார்டு இருந்தது என்று ஊரே பார்த்தது.

அதன்பிறகு சுப்பராயன் சுப்பராயனாக இல்லை. வேலைக்குப் போனார். வாசலில் ஒரு லாரி வந்தால் நம்பரை எழுதிவிட்டு, மறுபடி போய்ப் பார்த்து, மறுபடி வந்து எழுதினார். கார்டைக் காட்டுகிறவனை நிறுத்தி, கார்டைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். லாரிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நின்றன. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்த கம்பெனி, நீங்கள் வீட்டில் ஓய்வெடுங்கள் பெரியவரே என்றது. ஐம்பத்தி இரண்டு வயசில் பெரியவர் ஆனார். இப்போது கேன் தண்ணீர் ஷெட்டில் கேன் கழுவுகிறார். கழுவிய கேனையே திரும்பவும் கழுவுவதாக அங்கேயும் புகார்.

இலவசக் கண் முகாம் எங்கே நடந்தாலும் போய் வரிசையில் நின்றார். ஊத்துக்கோட்டையில் ஒரு தடவை, பொதட்டூர்பேட்டையில் ஒரு தடவை. கண்ணில் ஒரு குறையும் இல்லை, இந்த வயசுக்கு அபாரமான பார்வை என்று டாக்டரம்மா பாராட்டி அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது அழுதார். கண்ணில் கோளாறு என்றிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். கண் நன்றாக இருக்கிறதென்றால் கோளாறு ஆளில்தானே?

கங்கம்மா பட்டது தனி. காலனிக் குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். இல்லாவிட்டால் அவள் காதில் விழுகிற மாதிரி பேச்சு தொடங்கும். அவள் சும்மா விடுகிற ரகமில்லை. "எம் புருஷன் கண்ணு தப்பாது. இல்லன்னா இல்லதான்" என்று ஒவ்வொரு நாளும் வாய் கிழியக் கத்திவிட்டு வருவாள். ஊரில் அவரை நம்பிய ஒரே ஆள் அவள்தான். அவரேகூடத் தன்னை நம்பவில்லை.

கிளப் ஒரு வருஷம் மூடிக் கிடந்தது. அப்புறம் இம்மானுவேல் நாலு இடம் அலைந்து, ஒரு கல்லூரி நீச்சல் குளத்தில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கினான். யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது; முதல் நாளே வந்து நின்றது ஸ்நேகா. அந்தப் பெண் பயிற்சி செய்ததைப் பயிற்சி என்று சொல்ல முடியாது, தண்டனை என்றுதான் சொல்லணும். இந்த வருஷம் மாநிலப் போட்டியில் இரண்டாவது இடம். தேசியப் போட்டிக்குப் போகிறாள். கிளப்பின் சரித்திரத்திலேயே பெரிய காரியம். அந்தோணி டீக்கடையில் ராபின் கப்புக்குப் பக்கத்தில் அவள் கப். ஆனால் கிறிஸ்டினா ஒரு போட்டிக்கும் வந்ததில்லை. மகள் முகத்தை நிமிர்ந்து பார்த்து மூன்று வருஷம் ஆகிறது என்று காலனியில் பேசிக்கொண்டார்கள். சோறு போட்டு மூடி வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாளாம். மகன் போன துக்கம் என்றார்கள்.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஸ்நேகா தண்ணீர் ஷெட்டுக்கு வந்தாள். சுப்பராயன் கேன் கழுவிக்கொண்டிருந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் வருவது அதுதான் முதல் தடவை.

"மாமா, நீ பாத்தது சரி" என்றாள். "பலகை காலிதான்."

அவர் கையில் இருந்த கேன் அப்படியே நின்றது.

அவள் நின்றபடியே சொன்னாள். இரண்டு தடவை கேட்டில் திருப்பி அனுப்பினார்களே, அதற்கப்புறம் அம்மா அவளுக்கு ஒரு வேலை கொடுத்து வைத்திருந்தாள்: 'அண்ணன் மறந்துட்டு வந்துடுவான், அவன் கார்டையும் நீயே எட்த்துக்கினு வந்துடுடி.' அன்றைக்குத் தண்ணீரிலிருந்து வந்தாள். ராபின் கார்டு ஆணியில் இருந்தது. எப்பவும் முதலில் கரையேறுகிறவன். மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தாள். தன் கார்டோடு அதையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஏறினாள். சைக்கிள்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

"ரோட்ல எதிர்ல எல்லாரும் வராங்க, அண்ணன் வரல. திரும்பி வந்து பாத்தா அவன் சைக்கிள் நிக்குது மாமா. யாருமே இல்ல. எனக்கு இன்னா பண்றதுன்னே புரியல. கார்டை மறுபடி ஆணில மாட்டிட்டேன். மாட்டிட்டா அவன் வந்து எட்த்துக்குவான்னு நெனச்சேன். சத்தியமா அப்டிதான் நெனச்சேன். உன்ன மாட்டி உடணும்னு நெனைக்கல."

மூன்று வருஷம். சுப்பராயனுக்கு முதலில் வந்தது ஆறுதல் இல்லை, ஆத்திரம். ஓங்கி ஒரு அறை விடலாமா என்று கை வந்தது. கேனைக் கீழே வைத்தார்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"வாய் வரல மாமா. சொல்லாம போட்டிக்குப் போவவும் முடியல. நீயே சொல்லிடு. நீ சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்."

வீட்டுக்கு வந்து கங்கம்மாவிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். "நான் சொல்லல? நான் சொல்லல உன் கண்ணு தப்பாதுன்னு?" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அழுகையோடு எழுந்து, அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். "நாளைக்கி சர்ச்சு உட்டதும் போ. தெருவே கேக்குறாப்ல சொல்லிட்டு வா."

மறுநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பதினொரு மணி இருக்கும். தெருவில் நடந்தபோது முதுகு நிமிர்ந்திருந்தது, அது அவருக்கே தெரிந்தது. என்ன சொல்லணும் என்று வார்த்தை வார்த்தையாக மனசில் அடுக்கியிருந்தார். உன் மகள் எடுத்தாள். நீ சொல்லித்தான் எடுத்தாள். என் கண் சரியாகத்தான் பார்த்தது.

கிறிஸ்டினா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு. அவரைப் பார்த்ததும் கை நின்றது. திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தாள்; ஸ்நேகா சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள். கிறிஸ்டினா குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே" என்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. "நீயே வந்துட்டே. நானே உன்கிட்ட வரணும்னு இருந்தேன். வர தைரியம் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கர்த்தர் மேல ஆணையா நெசத்தச் சொல்லு. அந்தப் பொண்ணுகிட்ட நான்தான் சொல்லி வெச்சிருந்தேன், அண்ணன் கார்டையும் எட்த்துக்கினு வந்துடுன்னு. நான்தான். தெனம் ராத்திரி அது வந்து நெஞ்சுல உக்காந்துக்குது. அன்னிக்கி அவ எட்த்தாளா? நீ பக்கத்துல தானே நின்னே. நான் சொன்ன சொல்லாலயா எம் புள்ள போனான்?"

அவர் வாயைத் திறந்தார்.

மகள் முகத்தை அவள் ஏன் பார்க்கவில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்குப் புரிந்தது. அது துக்கம் இல்லை, பயம். பார்த்தால் கேட்டுவிடுவாள். கேட்டால் பதில் வந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் அவர் சட்டையைப் பிடித்தது, கார்டு ஆணியில் தொங்குகிறதைக் கண்ணால் பார்த்த பிறகும், யாரும் எடுக்காமல் அன்று முழுக்க அது அங்கேயே தொங்கியிருக்கணும் என்று கர்த்தரிடம் மன்றாடிக்கொண்டுதான். அவள் கை முறத்தின் விளிம்பைப் பிடித்திருந்தது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வெடித்த கை. கதவோரம் ஸ்நேகா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அவர் வார்த்தை வார்த்தையாக அடுக்கி வைத்திருந்தது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. உண்மை. அவருக்குச் சொந்தமான உண்மை. மூன்று வருஷமாகக் கண் முகாம் கண் முகாமாக அலைந்து தேடியது.

"இல்லம்மா" என்றார். "அவ எடுக்கல. கார்டு ஆணிலதான் இருந்துச்சி. நான் நோட்டுல எழுதிக்கினு இருந்தேன், சரியா பாக்கல. பாக்காமயே விசில் ஊதிட்டேன். அத்த உன்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

கிறிஸ்டினா அவரையே பார்த்தாள். முறம் கையிலிருந்து நழுவி அரிசி படியில் கொட்டியது. அப்புறம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு அழுகை அந்தத் தெரு கேட்டதில்லை. அழுகையோடு சாபம். பாவி, உன் கண்ணு அவிஞ்சி போவ, உன் குடும்பம் வெளங்காம போவ, எம் புள்ளய வாரிக் குட்த்தியேடா. எழுந்து வந்து அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். இஸ்திரி போட்ட சட்டை கசங்கியது. அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப்பார்த்தார்கள். அவர் அடி வாங்கியபடி நின்றார். சாபம் விடுகிற அந்தக் குரலில் மூச்சு தாராளமாக வந்து போனதை அவர் கவனித்தார். ஆஸ்பத்திரி வாசலில் அது இல்லை.

ஸ்நேகா ஓடிவந்து "மாமா, வேணாம் மாமா" என்றாள். அவர் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். திரும்பி நடந்தார்.

நாலு வீடு தாண்டியபோது பின்னால் கிறிஸ்டினாவின் குரல் கேட்டது. கரகரத்துப் போயிருந்தது. "ஸ்நேகா, மூஞ்சி ஏன்டி இப்டி வாடிக் கெடக்குது? இங்க வா. எம் மூஞ்சியப் பாரு. நாஷ்டா துன்னியா இல்லியா?"

வீட்டு வாசலில் கங்கம்மா காத்திருந்தாள். கசங்கிய சட்டையைப் பார்த்தாள். "சொன்னியா?" என்றாள்.

"சொன்னேன்."

"இன்னா சொன்னா?"

அவர் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. முடித்ததும் கங்கம்மா எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

"அவளுக்குப் பொய் சொன்னே. சரி. அவ தாய்" என்றாள். "எனக்கும் அந்தப் பொய்யவே சொல்லியிருக்கக் கூடாதா? நீ மூணு வருஷம் சொமந்தது போதாதுன்னு, இப்ப எங்கிட்டயும் குட்த்துட்டியே. நான் நாளைக்கிக் கொழாயடில இன்னான்னு பேசுவேன்?"

அதை அவர் யோசிக்கவே இல்லை. மூன்று வருஷமாக அவருக்காக ஊரோடு மல்லுக்கட்டியவள், அந்த வாசலில் நின்றபோது அவர் நினைவுக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது. கங்கம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். விஷயம் அதற்குள் காலனி முழுக்கப் பரவியிருந்தது. அவனே வந்து ஒப்புக்கொண்டானாமே, நோட்டு எழுதிக்கொண்டு கோட்டை விட்டானாமே. வரிசையில் ஒருத்தி கேட்டேவிட்டாள்: "இன்னா கங்கம்மா, உம் புருஷன் கண்ணு தப்பாதுன்னு சொல்வியே?"

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். கங்கம்மா குடத்தைக் குழாயின் கீழ் வைத்தாள்.

"பாக்கலயாம்" என்றாள். குடம் நிறைகிற வரைக்கும் தலையைக் குனிந்தபடி நின்றாள்.